பிளாஸ்டிக் சர்ஜன் ஈட்டித் தருவது யாருடைய கணக்கில் ஏறுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையோர ஊர் ஒன்றில் 100 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையை நிர்வகிக்கிறீர்கள். எலும்பு சிகிச்சை நிபுணர்கள் இருவர், பொது அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள் இருக்கின்றன. மாதம் 3 லட்சம் ரூபாய் உத்தரவாதத்துடன் முழுநேர பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரை நியமிக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். "இந்த ஊரில் மூக்கை அழகுபடுத்திக்கொள்ள எத்தனை பேர் வருவார்கள்? முதல் வருடமே நஷ்டம்தான்" என்கிறார் உங்கள் ஆடிட்டர். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது உங்கள் கேள்வி. அந்த மருத்துவர் பெயரில் மாதம் எவ்வளவுக்கு பில் போட முடியும் என்பதைத்தான் ஆடிட்டர் கேட்கிறார். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதோ, அவர் இல்லாததால் இப்போதே எவ்வளவு கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை. இரண்டுக்கும் விடை வேறு. முதல் விடையை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட்டுப் பிறகு வருந்திய மருத்துவமனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கொங்குப் பகுதியில் 28 ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து வரவு செலவும் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வது சிறு நகர, நடுத்தர மருத்துவமனைகளின் கணக்கு. சென்னையின் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

உங்கள் ஆடிட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயர் செய்கிற குழப்பம் அது. உருக்கொடுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'பிளாஸ்டிக்'. நம் அரசு மருத்துவமனைப் பலகைகளில் 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை' என்று எழுதியிருப்பார்கள். வேலையை ஓரளவு சரியாகச் சொல்லும் பெயர் அதுதான். விசைத்தறியில் சிக்கிய விரல், கரும்பு ஜூஸ் இயந்திரத்துக்குள் போன கை, லாரி ஏறி இறங்கிய கால், அடுப்புத் தீயில் வெந்த உடம்பு, சர்க்கரை நோயாளியின் அழுகிய பாதம், பைக்கிலிருந்து விழுந்து நொறுங்கிய தாடை, பிறவியிலேயே பிளந்த உதடு, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகுப் புண். என் ஒரு மாத வேலையில் பெரும்பகுதி இவைதான். அழகு சிகிச்சை ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

நெடுஞ்சாலை என்று நீங்கள் சொன்னதால் காலிலிருந்தே தொடங்குகிறேன். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இவற்றில் அடிபடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் கெண்டைக்கால் எலும்பு உடைவதோடு தோலும் சதையும் பிய்ந்து எலும்பு வெளியே தெரியும். எலும்பு நிபுணர் எலும்பை நிறுத்திவிடுவார். மேலே மூட எதுவும் இல்லாவிட்டால் அந்த எலும்பு காய்ந்து செத்துவிடும். அருகிலுள்ள தசையையோ தோலையோ இரத்த ஓட்டத்தோடு சேர்த்து நகர்த்தி வந்து மூட வேண்டும். இதைத்தான் ஃப்ளாப் என்கிறோம். அன்றைய யூகோஸ்லாவியாவின் லுப்லியானா நகரில் பணியாற்றிய மார்க்கோ கோதினா, 532 நோயாளிகளை ஆராய்ந்து எழுதி 1986இல் வெளியான கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. முதல் 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் 1.5 சதவீதத்தினருக்குத்தான் கிருமித்தொற்று வந்தது. 72 மணி நேரம் கடந்து மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் 17.5 சதவீதத்தினருக்கு வந்தது. ஃப்ளாப் தோற்றுப்போவதும் முதல் பிரிவில் 0.75 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம்.

அந்த 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாத கோடாக இன்று எல்லோரும் பார்ப்பதில்லை. புண்ணின் கசிவை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் டிரெஸ்ஸிங் வந்த பிறகு, முதல் நாளே புண்ணை நன்றாகச் சுத்தம் செய்திருந்தால், இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவதால் எல்லாம் கெட்டுவிடாது என்பவர்கள் உண்டு. என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது. சீக்கிரம் மூடுவது நல்லது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. எலும்பு நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் சுத்திகரிப்பின்போதே ஒரே மேசையருகே நிற்க வேண்டும் என்பதிலும் கிடையாது. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. இதற்கு லண்டன் வரை போக வேண்டியதும் இல்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை 1978இல் சிறிய அளவில் தொடங்கப்பட்டது. அங்கே எலும்பு சிகிச்சையில் டாக்டர் ராஜசேகரனும் ஒட்டுறுப்பு சிகிச்சையில் டாக்டர் ராஜா சபாபதியும், சகோதரர்கள் இருவரும் சேர்ந்து நின்று செய்த வேலைதான் அந்த ஊருக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தது. இப்படிப்பட்ட காலைக் காப்பாற்ற முடியுமா, எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க அவர்கள் வகுத்த மதிப்பெண் முறை, 14 வரை காப்பாற்றலாம், 17உம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது என்பது, வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களிலும் 'கங்கா' என்ற பெயரோடுதான் இருக்கிறது.

இனி பணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரே வாரத்தில் இரண்டு பேர் எங்களிடம் வந்தார்கள். இருவரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள், இருவருக்கும் இடது கெண்டைக்காலில் ஏறக்குறைய ஒரே மாதிரி அடி. முதலாமவர் அடிபட்ட இரவே வந்தார். எலும்பு நிபுணர் சுத்தம் செய்யும்போது நானும் கூட இருந்தேன். எந்தத் தசை உயிரோடு இருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். எங்கே கம்பி போட்டால் என் ஃப்ளாப்புக்கு இடைஞ்சல் வராது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்தோம். மூன்றாம் நாள் மூடினோம். பதினைந்தாம் நாள் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். இரண்டாமவர் வேறொரு மருத்துவமனையில் 19 நாள் இருந்துவிட்டு வந்தார். கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வாடை சொல்லிவிட்டது. பஞ்சு பச்சையாக ஊறியிருந்தது, எலும்பு காய்ந்த தேங்காய் ஓட்டின் நிறத்தில் இருந்தது. அங்கிருந்தவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். தினமும் கட்டு மாற்றியிருக்கிறார்கள், மூன்று முறை சுத்தம் செய்திருக்கிறார்கள், வாரம் ஒருமுறை வரும் பிளாஸ்டிக் சர்ஜனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் செத்த எலும்பை ஆறு சென்டிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவர் நடக்க ஒன்றரை வருடம் ஆனது.

இந்த இரண்டு பேரையும் ஆடிட்டர் முன்னால் வையுங்கள். இருவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர்கள் என்று கொள்வோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்பது மேல்வரம்பு. மருத்துவமனைக்குக் கிடைப்பது அறுவைக்கென்று நிர்ணயித்த பேக்கேஜ் தொகை. நோயாளி 15 நாள் கிடந்தாலும் 40 நாள் கிடந்தாலும், பேக்கேஜ் கிட்டத்தட்ட அதேதான். கூடுதலாகக் கிடக்கும் 25 நாளும் உங்கள் கைக்காசு. கணக்குக்காக ஓர் எண் வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் சொந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். செவிலியர், மருந்து, கட்டுத்துணி, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு உங்களுக்கு ஆகும் செலவு 3,500 என்றால், 25 நாளுக்கு 87,500. திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய நான்கு முறை தியேட்டருக்கு எடுத்துச் செல்ல முறைக்கு 12,000 என்றால் 48,000. ஆக 1,35,500. மாதத்துக்கு இப்படி இரண்டு பேர் என்றால் 2,71,000. மூன்றாவது ஆள் வந்தால் 4,06,500. நீங்கள் தரவிருக்கும் உத்தரவாதத் தொகையை இது தாண்டிவிட்டது. இத்தனைக்கும் அந்த மருத்துவர் பெயரில் போட்ட பில்லில் ஒரு ரூபாயைக்கூட நாம் இன்னும் எண்ணவில்லை. அவருடைய கட்டணமாக வருவது உத்தரவாதத்தில் கழிந்துவிடும். குறைந்ததை மட்டும்தான் நீங்கள் ஈடுகட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. உங்கள் ஆடிட்டர் கெட்டிக்காரராக இருந்தால் பிடித்துவிடுவார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காலியான படுக்கையை நிரப்ப இன்னொரு நோயாளி காத்திருந்தால்தான் மிச்சமான நாள் முழுமையாகப் பணமாகும். உங்கள் 100 படுக்கையில் பாதி எப்போதும் காலியாகவே கிடக்கிறது என்றால் செவிலியர் சம்பளமும் கட்டட வாடகையும் எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கும். மருந்து, கட்டுத்துணி, தியேட்டர் செலவு மட்டுமே மிச்சம். 1,35,500 என்பது 60,000, 70,000 ஆகச் சுருங்கிவிடலாம். கையிலிருந்து பணம் கட்டும் நோயாளியின் விஷயம் இன்னும் சங்கடமானது. அவர் அதிக நாள் கிடந்தால் அறை வாடகை கூடுகிறது, காகிதத்தில் மருத்துவமனைக்கு வரவு. ஒரு மனிதனின் கால் அழுகுவதை வரவாக எழுதிக்கொள்ளும் மருத்துவமனையில் நான் வேலை செய்ய மாட்டேன். நீங்களும் அப்படிப்பட்டவராக இருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வெளியே தெரியாத இன்னொரு வரவு இருக்கிறது. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் சேர்ந்த முதல் தனியார் மருத்துவமனையில் ஆண்டு முடிவில் ஒவ்வொரு மருத்துவர் பெயரிலும் எவ்வளவு பில் ஆனது என்று பட்டியல் போட்டார்கள். நான் கடைசியிலிருந்து இரண்டாவது. எலும்பு சிகிச்சைத் துறை முதலிடம். "நீங்கள் வாரம் இரண்டு நாள் மட்டும் வந்து போங்களேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். நான்கைந்து மாதத்தில் எலும்பு நிபுணர் என்னை அழைத்து, திறந்த முறிவுகளை, அதாவது தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுகளை, எடுக்கவே பயமாக இருக்கிறது என்றார். எலும்பை நிறுத்திவிட்டு மூட ஆளில்லாமல் மூன்று பேரை வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாகியிருந்தது. மூன்று குடும்பமும் அவரைத்தான் குறை சொன்னார்களாம். அதற்குள் சுற்றுவட்டாரத்தில் இருந்த சிறு மருத்துவமனைகளுக்குச் சேதி போய்விட்டது: அங்கே அனுப்பினால் மறுபடி வேறிடம் அனுப்புவார்கள், நேராகக் கோயம்புத்தூருக்கே அனுப்பிவிடலாம். திறந்த முறிவு போனபோது அதோடு சாதாரண முறிவும் போனது. இடுப்பு எலும்பும் தலைக்காயமும் போயின. வண்டியில் ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு அடிபட்டிருந்தால் மூவரில் பெரிய காயம் யாருக்கோ அவரைப் பொறுத்துத்தானே மூவரும் போகும் இடம் முடிவாகும்? பட்டியலில் முதலிடத்தில் இருந்த துறையின் வருமானத்தில் என் வேலை எவ்வளவு கலந்திருந்தது என்பது, நான் விலகிய பிறகுதான் அவர்களுக்கும் எனக்கும் தெரிந்தது.

டயாலிசிஸ் பற்றிச் சொன்னீர்கள். ஆறு இயந்திரங்கள் இருக்கின்றன என்றால், அவற்றில் சுற்றிவரும் நோயாளிகளுக்குக் கையில் ஃபிஸ்டுலா போடுவது யார்? நம் ஊர்களில் பல இடங்களில் இது பிளாஸ்டிக் சர்ஜன் செய்யும் வேலை. மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன அறுவை. உணர்விழக்கும் ஊசி கையில் மட்டும் போதும், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த இணைப்பு முதிர்ந்து ஊசி குத்தத் தகுதியாக ஆறு வாரமாவது ஆகும். அதுவரை கழுத்தில் குழாய். குழாய் இருக்கும்வரை காய்ச்சலும் கிருமித்தொற்றும் பக்கத்திலேயே நிற்கும். இப்போது உங்கள் நோயாளி ஃபிஸ்டுலாவுக்காகப் பெருநகரம் போகிறார் என்றால், அங்கேயே டயாலிசிஸையும் மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வாரம் இரண்டு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் ஒருவரை ஒரு மணி நேர அறுவைக்காக இழப்பது பெரிய இழப்பு. இந்த ஒன்றை மட்டும் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்; எண்ணிக்கையை அவரே சொல்வார்.

மற்ற துறைகளில் விரைவாகச் சொல்லிக்கொண்டு போகலாம். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இரத்த ஓட்டம் இருக்கும்போதே சுத்தம் செய்து தோல் ஒட்டினால் காலை வெட்டாமல் பிழைக்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. ஆகவே இந்த வேலைக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. வாய்ப்புற்றுநோய்க்குத் தாடையை எடுக்கும் அறுவையை, எடுத்த இடத்தை மூட ஆளில்லாமல் எந்தப் பொறுப்புள்ள புற்றுநோய் சர்ஜனும் தொட மாட்டார். நாளைக்கு நீங்கள் புற்றுநோய்ப் பிரிவு தொடங்க நினைத்தால், பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் வந்திருக்க வேண்டும். பைபாஸ் அறுவைக்குப் பின் மார்பெலும்பு பிரிந்து சீழ் வைத்தவர், சிசேரியன் தையல் பிரிந்த இளம் தாய், முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கைப்புண் வந்தவர். இவர்களுக்காக இரவு பதினொரு மணிக்கு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் ஏராளம். அந்த அழைப்புகளில் ஒன்றுகூட என் துறையின் வருமானமாக எந்தப் பேரேட்டிலும் ஏறியதில்லை. ஆனால் அந்த நோயாளிகள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார்கள்.

அவசரப் பிரிவில் இன்னொன்றையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு வயதுக் குழந்தை விழுந்து நெற்றி கிழிந்து வருகிறது. தாயின் புடவை முந்தானை முழுக்க இரத்தம். டூட்டி டாக்டர் தையல் போடத் தயாராகும்போது தகப்பன் குறுக்கே கை நீட்டி, "பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறாரா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நெற்றிக் காயத்துக்கு வருவது சொற்பப் பணம்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த பத்து வருடத்துக்கான மருத்துவமனை எது என்பது அந்த அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

ஆடிட்டர் கேட்ட அழகு சிகிச்சைக்கு வருகிறேன். அதை முதல் ஆண்டுக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் அழகுக்கான அறுவை இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், உடனடி ஆபத்தை நீக்க அவசியமான சிகிச்சைக்கும்தான் விதிவிலக்கு. ஜி.எஸ்.டி.யிலும் அதே பிரிவினைதான். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. முடி நடுதலுக்கும் அழகு அறுவைக்கும் கிடையாது, வரி கட்ட வேண்டும். பிறவிக் குறைபாட்டையும் அடிபட்டதையும் சீராக்கும் அறுவைக்கு வரியில்லை. உங்கள் பில் பிரிவுக்கு இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் வரி போட்டுவிட்டுத் திண்டாடியவர்கள் உண்டு. காப்பீட்டுக்கு அனுப்பும் தாளிலும் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்று மொட்டையாக எழுதாமல், எந்த விபத்தால் எந்த இடத்தில் என்ன குறை, அதற்கு என்ன சீரமைப்பு என்று எழுதச் சொல்லுங்கள். நிராகரிப்புகள் வெகுவாகக் குறையும். மூன்று நான்கு வருடத்தில் மருத்துவரின் கைராசி ஊருக்குத் தெரிந்த பிறகு தழும்பு நீக்கம், ஆண்களின் மார்பு வீக்கம் போன்றவற்றுக்கு ஆட்கள் தானாக வருவார்கள். வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

செலவுப் பக்கத்தை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். துண்டான விரலைத் திரும்பப் பொருத்தும் வேலையில் பெரும்பாலான மருத்துவமனைகள் பணம் பார்ப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரத்தக் குழாயைத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைக்கிறோம். நுண்ணோக்கியில் ஐந்தாறு மணி நேரம் தியேட்டர் அடைபட்டுக் கிடக்கும். அதே நேரத்தில் மூன்று குடலிறக்க அறுவைகள் முடித்திருக்கலாம் என்பது உண்மை. அறுவை முடிந்த பிறகும் ஒருவர் இரவெல்லாம் மணிக்கொருமுறை அந்த விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடு இருக்கிறதா, அழுத்தி எடுத்தால் நிறம் திரும்புகிறதா, நீலம் பாய்கிறதா. எங்கள் வார்டில் ஒரு மூத்த செவிலியர் அதிகாலை மூன்று மணிக்கு அழைத்து, "சார், நிறம் சரியாக இருக்கிறது, ஆனால் டாப்ளர் சத்தம் சற்று முன்பு இருந்த மாதிரி இல்லை" என்றார். டாப்ளர் என்பது இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க உதவும் கருவி. ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். சிரையில் சின்ன இரத்தக் கட்டி. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் போயிருக்கும். அப்படி ஒரு செவிலியரை உருவாக்க ஆகும் காலத்தையும் செலவையும் எந்த விலைப்பட்டியலிலும் காண முடியாது.

அதனால் முதல் ஆண்டிலேயே நுண்ணோக்கி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தனி ஒருவரால் பகல் முழுக்க வெளிநோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவு முழுக்க நுண்ணறுவை செய்ய முடியாது. செய்ய வைத்தால் ஒரு வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார். கால் காயங்களில் பெரும்பகுதியை நுண்ணோக்கி இல்லாமலே மூடலாம். முழங்காலுக்குக் கீழே மேல்பகுதிக்குக் கெண்டைத் தசை, நடுப்பகுதிக்கு அதன் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை, கணுக்காலுக்கு அருகே என்றால் கெண்டைக்காலின் பின்புறத் தோலைத் திருப்பி இறக்கும் முறை. நல்ல கருவிப் பெட்டி ஒன்று, தோல் எடுக்கும் டெர்மட்டோம், கண்ணாடியில் பொருத்தும் லூப் என்ற உருப்பெருக்கி, சிறிய டாப்ளர், கைக்கென்று பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர். இவை போதும் தொடங்க. பிசியோதெரபிஸ்டை விட்டுவிடாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கிய காலம் தொட்டு, கை அறுவை என்பது அறுவை பாதி, பயிற்சி பாதி என்பது இந்த மண்ணில் நிரூபிக்கப்பட்ட விஷயம். ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவும் அந்த வழியில் வந்ததுதான்.

இதுவரை சொன்னவற்றில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துவிடுகிறேன். காயத்தைச் சீக்கிரம் மூடினால் படுக்கை நாளும் கிருமித்தொற்றும் குறையும் என்பது உறுதி. பேக்கேஜ் முறையில் குறைந்த நாள் மருத்துவமனைக்கு லாபம் என்பதும், படுக்கைகள் நிரம்பியிருந்தால், உறுதி. அழகு சிகிச்சையை நம்பி இறங்கக்கூடாது என்பதும் உறுதி. பிளாஸ்டிக் சர்ஜன் வந்தால் மற்றத் துறைகளுக்கு எத்தனை நோயாளிகள் கூடுவார்கள் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்கிறவர் இருந்தால் சந்தேகப்படுங்கள். அது அந்த மருத்துவரின் குணத்தையும், உங்கள் எலும்பு நிபுணர்கள் அவரை முதல் மணி நேரத்திலேயே கூப்பிடுவார்களா, ஐந்தாம் நாள் கை மீறிய பிறகு கூப்பிடுவார்களா என்பதையும் பொறுத்தது. அரசுத் திட்டங்களின் தொகைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். முதல் சுத்திகரிப்பு அதற்குள் அடங்கிவிடும். மூடும் அறுவை பெரும்பாலும் மூன்றாம் நாள் விழுவதால் வேறு திட்டத்தின் கீழ் போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையில் தாள் வேலை தாமதமாகாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.

ஆடிட்டரோடு வாதாடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அவசரப் பிரிவில் கெட்டி அட்டை போட்ட பதிவேடு இருக்குமே, அதைக் கடந்த ஆறு மாதத்துக்குப் புரட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்' என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் பென்சிலால் குறியுங்கள். திறந்த முறிவு, நசுங்கிய கை, தீக்காயம், முகக் காயம், சர்க்கரைப் புண் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு வார்டு பதிவேட்டில் 25 நாளுக்கு மேல் கிடந்தவர்களை எடுங்கள். ஆறாத புண்ணுக்காகக் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு எட்டு, பத்து தேறினால் தயங்காமல் முழுநேரமாக நியமியுங்கள். இது என் கைக்கணக்கு, நூலில் உள்ள விதியல்ல. நியமித்த பிறகு அவர் பெயரில் ஆன பில்லை மட்டும் பார்க்காமல், அவர் கை வைத்த ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் ஓர் அடையாளம் போடச் சொல்லுங்கள், எந்தத் துறையில் சேர்ந்திருந்தாலும் சரி. ஆண்டு முடிவில் அந்தக் கோப்புகளின் மொத்த வரவையும் சராசரி நாட்களையும் ஆடிட்டர் மேசையில் வையுங்கள்.

மாதத்துக்கு மூன்று நான்குதான் தேறுகிறது என்றால் இப்போதைக்கு அருகிலுள்ள நகரத்திலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்வதே சரி. ஆனால் 'செவ்வாய், வெள்ளி வருவார்' என்ற ஏற்பாடு வேண்டாம். காயம் கிழமை பார்த்து வருவதில்லை. எலும்பு தெரியும் காயம் எந்த நேரம் வந்தாலும் அவருக்குப் படம் போய்ச் சேர வேண்டும். முதல் சுத்திகரிப்புக்கே அவர் வர வேண்டும். அந்த வருகைக்குத் தனிக் கட்டணம், நள்ளிரவு என்றால் இரட்டிப்பு. ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் இதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, மற்ற நிபந்தனைகளைப் பிறகு பேசுங்கள்.